மொங்கோலியப் பெண்ணின் கடைசி வினைச்சொல்

பிள்ளைகளே, டென்மார்க்கில் ரண்டர்ஸ் போகும் வழியில், ஃபிரெடெரிசியா நிலையத்தில் நானும் மனைவியும் ரயில் மாறக் காத்திருக்கிறோம். வாங்கில் என் பக்கத்தில் ஓர் இளம்பெண் டேனிஷ் பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பதற்றமாக முணுமுணுக்கிறாள். உள்மொங்கோலியாக்காரி. இன்று அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை. தேறினால்தான் முதியோர் இல்லத்தில் வேலை.

உலர்ந்த தயிர்க்கட்டி ஒன்றை என்னிடம் நீட்டி, ருசி பார்க்கச் சொல்கிறாள். தமிழில் நாம் இரண்டு வினைகளைச் சேர்த்து, ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம் அல்லவா? அவளுடைய ஹோர்சின் வட்டார மொங்கோலியப் பேச்சிலும் அப்படியேதானாம். முதல் வினை முடியாமல் நிற்க, கடைசி வினைதான் வசனத்தை முடித்து வைக்குமாம். எனக்கு ஒரே ஆச்சரியம்.

“நான் சொல்லுறன், பிழையெண்டால் நிப்பாட்டுங்கோ” என்று டேனிஷில் கேட்டுவிட்டு, படபடவென்று பேசுகிறாள். எல்லாம் தெளிவாக விளங்குகிறது. நானும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

என் மனைவி முழங்கையால் இடிக்கிறாள். “இஞ்சேருங்கோ, என்னத்துக்குத் தலையாட்டுறியள்? பிள்ளை வினைச்சொல்லை எல்லாம் தமிழ் மாதிரிக் கடைசியிலயெல்லோ வைக்குது! டேனிஷில அது இரண்டாவதாய் வரவேணும். நீங்களும் உப்பிடித்தானே கதைக்கிறனீங்கள், பிறகு எங்க பிழை தெரியிறது?”

அதற்குப் பிறகு மனைவிதான் வாத்தியார். ஒவ்வொரு வசனத்திலும் இருவருமாக வினையை முன்னுக்கு இழுத்து வைக்கிறார்கள். அதற்குள் அந்தப் பெண்ணுடைய ரயில் வந்துவிடுகிறது. பெட்டியின் வாசலில் நின்று, ஒரு நீளமான வசனத்தை டேனிஷ்காரர் மாதிரியே சொல்கிறாள். மனைவி கை தட்டுகிறாள்.

“சரியோ?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்கிறாள்.

“எனக்கு முதல் சொன்னதுதான் வடிவாயிருந்தது. ஆனால் பரீட்சையில இதைச் சொல்லுங்கோ.”