ரெண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத சாமி

திருத்தணியில மொட்டைத் தலைக்கு யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ரயில் பிளாட்பாரம், எங்க பாத்தாலும் சந்தனம் பூசின தலைதான். அந்த ஊர்ல குடியிருந்ததுல ரஹிமுன்னிசாவுக்குக் கெடைச்ச ஒரே லாபம் அதுன்னுதான் சொல்லணும். ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தி ஏத்தி முடி மொத்தமும் கொட்டினப்போ, தாலுக்கா ஆபீசுக்கு எதிர்ல அவ வேலை செய்யற ஜெராக்ஸ் கடைக்காரர், "மலைக்கு வேண்டுதலாம்மா?"ன்னு கேட்டாரு. "ஆங், வேண்டுதல்தாங்க"ன்னு சொல்லிட்டு மிஷினைப் பாத்துக்கினா.

அதே பொய்யை வீட்டுல பத்து வயசுப் பொண்ணுகிட்டயும் சொன்னா பாருங்க, அங்கதான் வம்பு ஆரம்பிச்சுது.

பொண்ணு பேரு நிறைமதி. கேள்வி கேக்கறதுக்குன்னே பொறந்தவ. அம்மா தலையைத் தடவிப் பாத்துட்டு, "நீதான் சாமியே கும்பிட மாட்டியே?"ன்னா.

"இப்போ கும்பிடணும்னு தோணிச்சு."

"எந்த சாமிய?"

"போய் ஹோம்வொர்க்க முடி, போ."

கடவுள் இல்லைன்னு மேடை போட்டுப் பேசற ஆளுங்க இல்ல அந்தப் புருஷன் பொண்டாட்டி. இருக்காரா, இல்லையா, ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரியும்னு சொல்லிக்கினு வந்தவங்க படுத்தின பாடே போதும்னு இருந்தாங்க. புருஷன் குணசேகரன் ஆர்.கே.பேட்டைக்காரன். அரக்கோணத்துல சத்தார் பாயோட மெக்கானிக் ஷெட்டுல தொழில் கத்துக்க வந்தான். பாயோட பொண்ணு ரஹிமுன்னிசா மத்தியான சாப்பாடு எடுத்துக்கினு வருவா. அப்புறம் இன்னா, ரிஜிஸ்டர் ஆபீஸ்தான். ரெண்டு வீடும் கொதிச்சுது. அவ எங்க பக்கம் மாறட்டும்னு ஒரு வீடு, அவன் எங்க பக்கம் மாறட்டும்னு இன்னொரு வீடு, அடிக்காத கொறை. யாரும் மாறலை. ரஹிமுன்னிசா ரஹிமுன்னிசாவாவே இருந்தா, குணசேகரன் குணசேகரனாவே இருந்தான். சித்தூர் ரோட்டுல சின்னதா ஷெட்டு போட்டு, பொறந்த பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாட முடியாத மாதிரி ஒரு தமிழ்ப் பேரு வெச்சுக்கினு, வீம்பா வாழ்ந்து காட்டினாங்க.

அந்த வீம்பு மேல யாரு கண்ணு பட்டுதோ. கர்ப்பப்பையில இருந்த கட்டி ஈரல் வரைக்கும் பரவிட்டுதுன்னு சென்னையில சொல்லிட்டாங்க. மருந்து ஏத்தி நாளைத் தள்ளலாம், வேற வழி இல்லன்னாரு டாக்டர். பொண்ணுகிட்ட சொல்லலை. அவ்ளோ ஏன், புருஷனும் பொண்டாட்டியும் தங்களுக்குள்ளயே அதை வாய் தெறந்து பேசிக்கலை. "அடுத்த லீவுக்கு ஊட்டி போலாமா"ன்னு அவன் கேப்பான், "போலாமே"ன்னு இவ சொல்லுவா.

இந்த லட்சணத்துல சத்தார் பாய் மௌத்தாயிட்டாரு. மூணு பேரும் அரக்கோணம் போனாங்க. மொகத்தைப் பாக்க விட்டாங்க, அதுவே பெரிசு. ஆம்பளைங்க தூக்கிக்கினு போனப்புறம் அம்மாவும் பொண்ணும் கபர்ஸ்தான் சுவருக்கு வெளியில ரோட்டோரமா நின்னாங்க. அடக்கம் முடிஞ்சு வெளிய வந்த தம்பி ஷோயப் கண்ணைத் தொடைச்சுக்கினே வந்து நின்னான். கெட்டவன் இல்ல அவன். அக்காவோட தலையையும் வத்திப்போன மொகத்தையும் பாத்ததுமே அவனுக்குப் புரிஞ்சுபோச்சு.

"ஆபா, நீ வந்ததுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. ஆனா நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா இங்க எடம் குடுக்க மாட்டாங்க. நான் பேசிப் பாத்துட்டேன். அப்புறம் என்னைக் கேக்காத."

"நான் கேட்டனா?"ன்னா ரஹிமுன்னிசா. பொண்ணு அந்தப் பக்கமா ஆட்டுக்குட்டிய வேடிக்கை பாத்துக்கினு இருந்தா. காதுல விழுந்திருக்காதுன்னு அம்மாக்காரி நெனைச்சுக்கினா.

அன்னிலேர்ந்து புடிச்சுது மதிக்குப் பைத்தியம். பக்கத்து வீட்டு கௌரியம்மாள் கூட மலைக்குப் போனா. அங்க குருக்களை நிறுத்தி என்னென்னமோ கேட்டுட்டு வந்தா. ஸ்கூல் விட்டு வர்ற வழியில பள்ளிவாசல் வாசல்ல நின்னு ஹஜ்ரத்துகிட்ட கேட்டா. வீட்டுக்கு வந்து, "நைனா, செத்தவங்க எல்லாரும் ஒரே எடத்துக்குப் போவாங்களா, வேற வேறயா?"ன்னு கேட்டப்போ குணசேகரன் சோத்துல கையை வெச்சுக்கினு ஒக்காந்திருந்தான். என்ஜினுக்குள்ள என்ன சத்தம்னு கேட்டா சொல்லுவான். இதுக்கு அவன் எங்க போவான்?

"பொண்ணுக்கு சாமி மேல நாட்டம் வந்துட்டுது"ன்னா ரஹிமுன்னிசா. "தடுக்க வேணாங்க. எங்கனா ஒரு எடத்துல சேத்து விடலாம்."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். நாளைக்கு அவ அழுதான்னா உக்காந்து கேக்கறதுக்கு ஒருத்தர் வேணும். நீங்க ஷெட்டுக்குப் போயிடுவீங்க. அது கடவுளாவே இருந்தாலும் பரவாயில்ல."

நாளைக்கு ஏன் அழணும்னு அவன் கேக்கலை. அவளும் சொல்லலை.

எங்க சேக்கறது? மலைக்குக் கூட்டிக்கினு போனா, 'பாத்தியா, கடைசில எங்க பக்கம்தான்'னு ஆர்.கே.பேட்டையில மார் தட்டுவாங்க. பள்ளிவாசலுக்கு அனுப்பினா அரக்கோணம் ஜெயிச்ச மாதிரி. இத்தனை வருஷம் ரெண்டு பேருக்கும் விட்டுக்குடுக்காத பொண்ணை இப்போ ஒருத்தர் கையில குடுத்தா, இவ கண்ணை மூடின மறுநாளே இன்னொருத்தர் சண்டைக்கு வருவாங்க. ரெண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத சாமி எதுன்னு யோசிச்சா, சர்ச்சுதான் மிச்சம்.

மொதல்ல போனது ஹார்டுவேர் கடை மாடியில ஒரு ஜெப வீடு. போன அரை மணி நேரத்துல பாஸ்டர் நேரா வந்து ரஹிமுன்னிசா தலை மேல கையை வெச்சு, "இந்த சகோதரிய புடிச்ச வியாதி இந்த நிமிஷமே விட்டு ஓடுது"ன்னு மைக்குல கத்தினாரு. பொண்ணு பக்கத்துலயே நிக்குது, ஐயோ. குணசேகரன் ரெண்டு பேரையும் கையைப் புடிச்சு இழுத்துக்கினு படியெறங்கிட்டான். "அவரு எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாரு"ன்னு மதிகிட்ட சமாளிச்சாங்க. அவ அதைப் பத்திக் கேக்கவே இல்ல. "மாடியில இருக்கற சர்ச்சு வேணாம்"னா, அவ்ளோதான்.

அடுத்தது மாதா கோயில். அங்க இருந்த ஃபாதர் தங்கமான மனுஷன். ஞாயித்துக்கெழமை வகுப்புக்கு அனுப்புங்க, மத்ததெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்னாரு. ரஹிமுன்னிசாவுக்கு மனசு குளுந்துபோச்சு. மதி என்னடான்னா கட்டடத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்து, "பின்னால ஸ்கூல்தான் இருக்கு. வேற பாக்கலாம்"ங்கறா. இவளுக்கு வந்துதே கோவம்.

"சாமி உள்ள இருக்கு, நீ பின்னால போய் இன்னாடி தேடற?"ன்னு முதுகுல ஒண்ணு வெச்சா. வெச்ச கையில பலமே இல்ல. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவ எழுந்திருக்கவே முடியாம கெடந்தா. சோறு எறங்கலை. பொண்ணை ஒரு எடத்துல சேக்கறதுக்குள்ள நான் போயிடுவேனோன்னு பதறிக்கினே கெடந்தா.

கொஞ்சம் தேறினதும், மணவூர்ப் பக்கம் ஒரு பழைய சர்ச்சு இருக்குன்னு ஷெட்டுக்கு வந்த ஒருத்தர் சொல்ல, ஞாயித்துக்கெழமை காலையில ரயில் ஏறினாங்க. ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோ. சின்ன ஓட்டுக் கட்டடம், பத்து இருவது பேரு, ஆர்மோனியப் பெட்டி. யாரும் கத்தலை. ரஹிமுன்னிசா சுவத்துல சாஞ்சுக்கினு கண்ணை மூடிக்கினா. இந்த எடமாச்சும் புள்ளைக்குப் புடிக்கணுமேன்னு மனசுக்குள்ள யாரையோ கெஞ்சினா. யாரைன்னு கேட்டா அவளுக்கே தெரியாது.

ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், வயசான போதகர் மதி பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. "உங்கம்மா சொன்னாங்க, நீ நெறைய கேள்வி கேப்பியாமே. ஆண்டவரைப் பத்தி இன்னா தெரியணும், கேளும்மா."

"அதெல்லாம் வேணாங்க ஐயா. பின்னால கல்லறை இருக்குதே, அங்க யாரை வேணா வைப்பீங்களா?"

போதகர் ரஹிமுன்னிசாவைத் திரும்பிப் பாத்தாரு. "சபையில சேந்தவங்களைத்தாம்மா."

"நாங்க மூணு பேரும் சேந்தா மூணு பேரையும் ஒரே எடத்துல வைப்பீங்களா? அம்மாவுக்கு அரக்கோணத்துல எடம் இல்லன்னு மாமு சொல்லிட்டாரு. ஆர்.கே.பேட்டை பெரியப்பாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன், அவங்க ஊரு சுடுகாட்டுலயும் சேத்துக்க மாட்டாங்களாம். மலை மேல அந்த மாதிரி எடமே கெடையாதாம். நைனா ஷெட்டுக்குப் பின்னால போய் அழுவுறாரு, நான் பாத்தேன். எங்கம்மா செத்துடுவாங்க ஐயா. அதுக்குள்ள எடம் பாத்துடணும்."

மனப்பாடம் பண்ணிக்கினு வந்த மாதிரி ஒரே மூச்சுல சொல்லிட்டா. குணசேகரன் அப்படியே தரையில ஒக்காந்துட்டான். இத்தனை நாளா சாமியைத் தேடுதுன்னு ரஹிமுன்னிசா நெனைச்ச புள்ளை, தன்னந்தனியா இவளுக்குக் குழி தேடிக்கினு அலைஞ்சிருக்குது. அந்தப் புள்ளை முதுகுல அடிச்சமேன்னு நெனைக்கறப்போ கையை வெட்டிப் போடலாம்னு இருந்துது.

பெத்த அப்பாவே வாசல்ல வந்து நின்னு கேட்டப்போ மாறாதவ, மாமியார் வீட்டுல எச்சித் தட்டு மாதிரி தள்ளி வெச்சப்போ மாறாதவ, போதகர் முன்னால போய்க் கையைக் கூப்பினா.

"இன்னா சொல்லணுமோ சொல்லிக்குடுங்க ஐயா. நான் சொல்றேன்."

"நம்பாம சொல்லலாமாம்மா?"

"எனக்கு நம்பத் தெரியலைங்க ஐயா. எம் பொண்ணு நிம்மதியாத் தூங்கணும்."

போதகர், கமிட்டி இருக்குது, முறை இருக்குதுன்னு ஆரம்பிச்சவரு பாதியிலயே நிறுத்திட்டாரு. "மொதல்ல வந்து பாருங்க. மத்ததை அப்புறம் பேசலாம்"னு பின்பக்கக் கதவைத் தெறந்து விட்டாரு. குடுக்கறேன்னும் சொல்லலை, இல்லன்னும் சொல்லலை.

பின்னால வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. சிமெண்டு மேடைங்க, நடுவுல புல்லு, மூலையில ஒரு வேப்பமரம். மதி முன்னால ஓடி, ஒவ்வொரு மேடையாப் பாத்துக்கினே போய், மரத்துக்கிட்ட காலியா இருந்த தரையில நின்னா.

"அம்மா, இங்க நெழலா இருக்குது. இது புடிச்சிருக்குதா?"

ரஹிமுன்னிசா புருஷனைப் பாத்தா. அவன் தலையைத் தூக்கவே இல்ல. இனிமே ஊட்டி, லீவுன்னு ஒளிய எடம் இல்ல.

"புடிச்சிருக்கு"ன்னா. "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. பக்கத்துல நைனாவுக்கும் எடம் விடணும்."