நாலாம் பிறைக்கு ஒரு உறுப்பினர்

செங்கல்பட்டில் வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களுடைய தொலைநோக்கி என் லோடு ஆட்டோவில்தான் ஊர் சுற்றும். ஏற்றியிருக்கிறேன், இறக்கியிருக்கிறேன், ஒருநாளும் அதற்குள் பார்த்ததில்லை. "கண்ண கிண்ண வச்சுடாத, லென்ஸ் கெட்டுடும்" என்பார் தலைவர். கல்லூரியில் பாடம் எடுப்பவர். ரோட்டுப் பள்ளத்தில் குதிக்கும்போது கெடாத லென்ஸ் என் கண் பட்டால் கெட்டுவிடுமாம். ஆறாம் வகுப்பே என்னைத் தாங்காமல் வெளியே தள்ளிய ராசி அப்படி. இருந்தும் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகிவிட வேண்டுமென்று எனக்கொரு வெட்கங்கெட்ட ஆசை. அவர்களோ வாட்ஸ்அப் குழுவில்கூட என்னைச் சேர்க்கவில்லை.

போன வருடம், வேலை முடிந்துபோன ஒரு விண்கலத்தை நிலவில் மோதி நொறுங்க விட்டார்கள். மோதும்போது ஒரு பொறி தெரியலாம் என்று சங்கத்தில் ஒரே அமர்க்களம். வெளிச்சமில்லாத இடம் தேடி மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்குப் போனோம். பொழுது சாய்ந்தது. மேற்கே சவுக்குத் தோப்புக்கு மேல் பிறை பளிச்சென்று நின்றது. திரும்பினால், மொத்தச் சங்கமும் கிழக்கே கடலைப் பார்த்து வரிசையாக நிற்கிறது.

"சார், நெலா பின்னாடி கீது."

"தெரியும்பா" என்றார் தலைவர், திரும்பாமலே.

"அப்பறம் இன்னாத்துக்கு கடல பாத்துகினு கீறீங்க?"

பொருளாளர்தான் போட்டு உடைத்தார். "யோவ், இன்னிக்கு நாலாம் பிறைய்யா!"

நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். சரி, ஊர் பயப்படட்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டு வந்த மனிதர் இந்தத் தலைவர்!

"எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லப்பா" என்றார் தலைவர். "வீட்ல பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம், அதான். நீ பாரு. பாத்து சொல்லு, உன்ன மெம்பராக்கிடறேன்."

"நாய் பட்டது, படாதது எல்லாம் நான் பட்டாச்சு சார். புச்சா இன்னா வந்துடப் போவுது?"

கடலைப் பார்த்தபடியே அவர் சொல்லச் சொல்ல, தொலைநோக்கிக் குழாயை நிலவுப் பக்கம் திருப்பினேன். "பிறைய பாக்காத, அதுக்குப் பக்கத்துல இருட்டா இருக்கற பாகத்தையே பாரு. அங்கதான் பொறி" என்றார். கண்ணை வைத்தேன். அடேயப்பா! பிறையின் ஓரமெல்லாம் குழி குழியாக, மழைக்குப் பிறகு ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி. எந்தக் குழியில் வண்டியை விட்டால் அச்சு முறியும் என்று கணக்குப் போட்டதில் இருட்டாவது பொறியாவது.

"நேரம் ஆச்சு! தெரிஞ்சுதா?"

"சோக்கா தெரியுது சார்!"

"எங்க வெடிச்சுது?"

"வெடிச்சுதா?"

எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள், கடலைப் பார்த்தபடியே.

"இருட்ட பாருன்னு சொன்னேனேடா!"

"நீங்க கடலத்தான பாத்துகினு இருந்தீங்க, அங்க எதுனா வெடிச்சுதா?"

என் உறுப்பினர் பதவி அதோடு முழுகியது என்றுதான் நினைத்தேன். பொருளாளர்தான் கை கொடுத்தார். "சேத்துக்கலாம் சார். அடுத்து கிரகணம் வருது. அன்னிக்கு நம்மாளுங்க எவன் வூட்ட வுட்டு வெளிய வருவான்?"

தலைவர் யோசித்தார். அங்கேயே என்னைக் குழுவில் சேர்த்தார்.

வீட்டுக்குப் போனதும் குழுவில் வந்த முதல் செய்தியை மனைவியிடம் நீட்டினேன். 'நமது சங்கம் நிலவு மோதலை உன்னிப்பாகக் கவனித்தது. பொறி தென்படவில்லை.'

"உன் பேரே இல்லியேய்யா?" என்றாள்.

"சங்கம்னு போட்டுகீதுல்ல? அது நான்தான்."