புவனாவின் பச்சைக் கோடு

"அக்கா போயிட்டாங்க அண்ணே. பிரஷர் இருந்திருக்கு, யாருக்கும் தெரியல." புவனாவின் தம்பி போனில் இவ்வளவுதான் சொன்னான். மலை ஊரான தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, நானும் அவளும் வேலைக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இருந்தேன். கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு அங்கிருந்தே ஆறு வருடம் மென்பொருள் எழுதினோம். எதிர் நாற்காலியில் அவள் குளிர் சட்டை கிடந்தது.

மறுநாள் இணையத்தில் இரங்கல் கூட்டம். மேனேஜர் அவள் படத்தைப் போடவில்லை, ஒரு வரைபடத்தைப் போட்டார். கவனம் சிதறாமல் அதிக நேரம் உட்கார்ந்தவள் அவள்தானாம். எல்லோரையும் தாண்டி நின்றது அவள் பச்சைக் கோடு. "எல்லாரும் இதப் பாத்துக் கத்துக்கணும் லா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டுமல்ல.

வேலைக்கு நடுவே செய்திகள் வந்து விழுந்தால் புவனாவுக்கு எரிச்சல். ஒருநாள் அதற்கென்றே நாற்பது வரியில் ஒரு நிரல் எழுதினாள். கட்டளைத் திரையில் 'குந்து 25' என்று தட்டினால் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு செய்தியும் வராது. முடிந்ததும் 'எந்திரி, பசியாறிட்டு வா' என்று ஒரு வரி காட்டும். கம்பெனி முழுக்க அதைப் பயன்படுத்தத் தொடங்கினோம்.

யார் எத்தனை முறை குந்துகிறார்கள் என்று பதிந்து தரும்படி மேனேஜர் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள். "எங்கம்மா பறிச்ச தேயிலக் கொழுந்த தெனம் நிறுத்து, தோட்டத்துக் கிராணி பேர் போட்டு கணக்கு எழுதுவாரு. என் நேரத்த யாரும் நிறுக்க வேணாம்."

அவர் என்னிடம் வந்தார். டீம் லீடர் இடம் காலியாக இருந்தது. ஆறு வரிதான், பகல் சாப்பாட்டுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். சீ, நினைத்தால் என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. புவனா திட்டவில்லை. "கிராணி வேலைக்குப் போயிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து 'குந்து 50' என்று தட்டிவிட்டு, கீழே கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிடுவாள். கடைக்காரப் பாயோடு அரட்டை அடிப்பாள். திரும்பி வந்து வேலை செய்யும்போது அதைத் தொடவே மாட்டாள். மேனேஜர் காட்டிய பச்சைக் கோடு முழுக்க அவள் தேத்தண்ணீர் குடித்த நேரம். கூட்டத்தில் அதை நான் சொல்லியிருக்கலாம். மைக்கை அணைத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ரிங்லெட் பக்கம் அவர்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்குப் போனேன். அவள் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "புவனா வீட்டுல கிராணி, கிராணின்னு பேசும். அது நீங்கதானா தம்பி?"

"ஆமாம்மா."

"பெரிய வேல போல. நல்லா இருங்க."



குளிர் சட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அவள் எழுதிய நாற்பது வரி என்னிடம் இருக்கிறது. நேற்று என் ஆறு வரிகளை அழித்துவிட்டு, அவளுடைய பழைய 'குந்து'வை கம்பெனியில் உள்ள உங்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். மேனேஜர் மூன்று முறை அழைத்துவிட்டார். இன்று எடுத்துப் பேசுவேன். ரிங்லெட் பக்கம் போகிறவர்கள் அவள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், நான் கிராணி வேலையை விட்டுவிட்டேன் என்று.