யார் பெரிய வீரன் என்று பேசிய நாள்

மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு. எங்கள் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர். வியர்வையில் ஊறி ஓரம் பிய்ந்துபோன அந்த அட்டைகளை அவர் கோவிலுக்கும் கொண்டுபோவார், மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கும் கொண்டுபோவார். ஒருமுறை அரையிறுதிப் போட்டியில், எதிர் அணிக்காரனின் காலை வாரிவிட்டதற்காகத் தன் சொந்த மகனுக்கே சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பினார். மாமி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் என் அம்மாவின் தம்பி. அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் கண்முன் வருவது அந்த மஞ்சள் அட்டைதான். மைதானத்துக்கு வெளியே ஒரே ஒரு தடவைதான் அவர் அதைத் தூக்கிக் காட்டி நான் பார்த்திருக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறையில் பேச்சு சில நாள் விளையாட்டுப் பக்கம் திரும்பும். எல்லா விளையாட்டையும் சேர்த்து, எல்லாக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் யார் பெரிய வீரர் என்று யாராவது தொடங்கிவைப்பார்கள். மற்றவர்களுக்கு அது சோறு செரிக்கப் பேசும் பேச்சு. நான் மட்டும் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நிற்பேன். இந்தம்மாவுக்கு விளையாட்டில் விருப்பமில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, மழை மாதம் ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை எங்கள் ஊரிலிருந்து நான்கு வள்ளங்கள் கடலுக்குப் போயின. அவற்றில் ஒன்றில் ஐந்து பேர். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர், கூலிக்குப் போகும் இருவர், என் தம்பி, மாமாவின் மகன். தம்பியும் மாமாவின் மகனும் ஒரே வயது, ஒரே பந்து அணி, ஒரே பைக். அவர்கள் போன பிறகுதான் காற்று வரப்போகிறது என்ற எச்சரிக்கை எல்லோருடைய போனிலும் வந்தது. புதன்கிழமை மதியம் மூன்று வள்ளங்கள் திரும்பின. இறங்கியவர்களின் முகத்தைப் பார்த்தே கரையில் நின்றவர்களுக்குப் பாதி விளங்கிவிட்டது. "அவனுவ எங்களுக்கு மேக்கால நின்னானுவ. அலை எழும்புனதுக்குப் பொறவு பாக்கல" என்று மட்டும் ஒருவர் சொன்னார். நான்காவது வள்ளம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் தரையில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் மாமியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். என் வாய் செபத்தைச் சொன்னது, காதோ பங்குத்தந்தை தங்கும் பங்குமனையில் வைத்திருந்த வயர்லெஸ் பெட்டியின் கரகரப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது கடற்கரைப் பக்கமிருந்து ஆண்களின் குரல்கள் கேட்டன. அழுகை இல்லை. யாரோ யாரோடோ சண்டை போடுவது போல உரத்த பேச்சு. நடுவே சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து மணலில் இறங்கி நடந்தேன்.

வலை காயப்போடும் கொட்டகையில் இருபது முப்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமா, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல். சவரம் செய்யாத முகம், சிவந்த கண். ஆனால் குரல் மைதானத்துக் குரல்.

"எல்லா களியும் சேத்து, எல்லா காலமும் சேத்து, ஒருத்தன்தான். ரெண்டு பேரு கெடையாது. யாரு?"

சவுதியில் பத்து வருடம் இருந்து திரும்பியவர் ஒருவர் கையை உயர்த்தினார். "ஜமைக்காக்காரன்தான். அவன் ஓடச்சில, கூட ஓடுனவனுவ எல்லாம் நடக்குத மாதிரி இருந்துச்சு."

"பத்து செகண்டுல தீந்த சோலி" என்றார் மாமா. "அடுத்தது?"

மீன் ஏலம் விடுபவர் குத்துச்சண்டைக்காரர் ஒருவரைச் சொன்னார். பட்டத்தைப் பறிப்போம் என்று மிரட்டியும் போருக்குப் போகமாட்டேன் என்று நின்றவர். "கையில பலம் இருந்தா போருமா? நெஞ்சுலயும் வேணும்லா?" என்று அவர் கேட்க, இடது காலால் ஆடும் குள்ளமான அர்ஜென்டினாக்காரரின் பக்தர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். ஒருவர் கிரிக்கெட் என்று வாயெடுத்தார். எங்கள் ஊரில் அது நடக்காத காரியம். கூச்சல் போட்டு அவரை உட்காரவைத்தார்கள்.

நான் மாமாவின் முன்னால் போய் நின்றேன். "மாமா, உங்க மோனும் அதுலதான் இருக்கான். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட நாக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாமா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். "மக்கா, பேச்சு நின்னா கடல் சத்தம் கேக்கும். கேட்டா இவனுவ ஒவ்வொருத்தனா எழும்பி வள்ளத்த எறக்குவானுவ. காத்து இன்னும் அடங்கல. நீயும் இரி."

அப்போதுதான் கவனித்தேன். கொட்டகையின் ஓரத்தில் இரண்டு வள்ளங்களில் எஞ்சினை மாட்டி வைத்திருந்தார்கள். தேடிப் போகத் துடிக்கும் ஆண்களைத்தான் மாமா பேச்சால் கட்டிப்போட்டிருந்தார்.  அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஓர் இளைஞன் ஆர்வத்தில், "அப்பம் அந்த அமெரிக்காக்காரன்? அவன் வாங்குன மெடலுக்கு கணக்கே இல்ல. தண்ணிக்குள்ள அவன் நீந்திப் போறத..." என்று தொடங்கி, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டான். பேச்சு அறுந்தது. மாமா சொன்னது உண்மை. கடல் சத்தம் கேட்டது. அதற்கு முன்பு என் வாழ்நாள் முழுவதும் கேட்ட சத்தம்தான் அது. அன்று அந்தச் சத்தம் எங்கள் கொட்டகைக்குள் எதையோ தேடி வந்தது போல இருந்தது. அப்போது பின்னால் இருந்த கிழவர் ஒருவர் தலையைக் குனிந்தபடி, "நீந்துனாலும் எவ்வளவு நேரம்லே ஒருத்தன் நீந்துவான்? நேத்தைக்கே..." என்றார்.

மாமா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் கிழவரின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். "ஒண்ணு. இன்னொரு வாட்டி சொன்னீருன்னா வெளிய போவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கிழவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு கடலைவிட அதிகப் பயத்தைத் தந்தது. ஏனென்றால் நான் மாமாவின் காலடியில் இருந்தேன். அவருடைய மற்றக் கை முதுகுக்குப் பின்னால் வேட்டியைக் கசக்கிப் பிடித்திருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

அவர் உடனே என் பக்கம் திரும்பினார். "டீச்சர் சொல்லட்டு. உனக்க கணக்குல யாரு?"

சொல்லாவிட்டால் மீண்டும் அந்த அமைதி வந்துவிடும் என்ற பயத்தில்தான் வாயைத் திறந்தேன். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடும் ஒரு பெண்ணைச் சொன்னேன். உலகத்தில் அவளுக்கு மிஞ்சியவர் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தரத்தில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, இனி முடியாது என்று சொல்லிவிட்டுப் போட்டியின் நடுவில் விலகி நின்றவள்.

"வெலகுனவ எப்பிடிடி பெரியவ ஆவா?" என்று ஏலக்காரர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "உலகமே பாத்துட்டு இருக்கச்சில பயமா இருக்குன்னு சொல்ல உங்கள்ல எவனுக்கு முடியும்?" என்று கேட்டேன். சவுதிக்காரர் ஏதோ சொன்னார். நான் பதில் சொன்னேன். அவர் மடக்கினார், நான் திரும்ப மடக்கினேன். எழுந்து நின்று கையை ஆட்டிப் பேசினேன். மாமா மட்டும் மறுத்துப் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டென்று ஒன்று உறைத்தது. ஐந்து நிமிடம், அதற்குமேல் கூட இருக்கலாம், நான் என் தம்பியை மறந்திருந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு நொடியும் விடாமல் அவனை மனத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொண்டிருக்கும்வரை அவன் மிதப்பான் என்று ஒரு மூட நம்பிக்கை. கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள்தான், ஆனாலும் அப்படி நம்பினேன். யாரோ ஒரு பெண்ணுக்காக வாதாடிய நேரத்தில் கையை விட்டுவிட்டேன். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவன் போயிருப்பான் என்று தோன்றியதும் ஆட்டிய கையை இறக்கி மணலில் உட்கார்ந்துவிட்டேன். 

மதியம் கழிந்து நான்கு மணி இருக்கும். பங்குத்தந்தை அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் வேகமாக வருவதைப் பார்த்தோம். அவர் அப்படி வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. பெண்களும் பின்னால் ஓடிவந்தார்கள். கொல்லத்துப் படகு ஒன்று எங்கள் ஆட்களை மீட்டிருக்கிறது என்றார். பெயர்களைச் சொன்னார். முதலில் வள்ளத்துக்காரர். பிறகு கூலிக்காரர்கள் இருவர். பிறகு என் தம்பி.

தம்பியின் பெயரைக் கேட்டதும் நான் சிரித்தேன். வாய்விட்டு, பல் தெரிய. மாமா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபாதர், அஞ்சாவது பேரு?" என்று கேட்டார்.

"தேடுதாங்க" என்றார் பங்குத்தந்தை.

தேடிக்கொண்டேதான் இருந்தார்கள். பதினொரு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள். என்ன நடந்தது என்பது உயிரோடு வந்தவர்கள் சொல்லித் துண்டு துண்டாகத் தெரிந்தது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேரும் கிடந்திருக்கிறார்கள். பெரியவரின் பிடி விட்டு அவர் விலகிப் போனபோது மாமாவின் மகன் காலி மண்ணெண்ணெய்க் கேனைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போயிருக்கிறான். கேன் பெரியவருக்குக் கிடைத்தது. அவனால் திரும்பிவர முடியவில்லை. பூசைக்குப் பின் நடந்த கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, உலகத்தின் எந்த மைதானத்தில் ஆடிய எவரைவிடவும் இவனே பெரிய வீரன், அச்சம் என்றால் என்னவென்றே அறியாதவன் என்று முழங்கினார். வலைக்கொட்டகையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வாதத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது போல எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து அணி இளைஞர்கள் அவனுடைய ஜெர்சிப் படத்தோடு சந்திப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். "எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரன்" என்று எழுதியிருந்தது. மாமா அதன் பிறகு அந்தச் சந்திப்பு வழியாக வரவில்லை. சுற்றிக்கொண்டு தென்னந்தோப்பு வழியாகக் கோவிலுக்குப் போனார்.

தம்பி கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். மார்த்தாண்டத்தில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மாமா தெருவில் வருவது தெரிந்தால் வீட்டின் பின்பக்கம் போய்விடுவான். நானும்தான்.  நான் சிரித்ததை அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

ஒரு வருடம் ஆனபோது, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பிக்கு ஓட நேரமில்லை. மாமா அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மக்கா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். உள்ளத உள்ளபடி சொல்லணும். அவன் பயந்தானா?"

தம்பி என்னைப் பார்த்தான். மாமாவுக்குப் பின்னால் நின்று நான் தலையை அசைத்தேன். சொல்லாதே என்று. அச்சமறியாதவன் என்று ஊர் கொடுத்த அந்தப் பெயராவது அவரிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். தம்பி என்னிடமிருந்து கண்ணை எடுத்து மாமாவைப் பார்த்தான்.

"பயந்தான் மாமா" என்றான். "எல்லாரும் பயந்தோம். அவன் ரொம்பப் பயந்தான். அழுதான். அப்பா, அப்பான்னு கூப்பிட்டுட்டே இருந்தான். பெரியவரு கைய விட்டப்பம் நான் போவாதலேன்னு சொன்னேன். அழுதுட்டேதான் போனான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமா உடைந்துவிடுவார் என்று காத்திருந்தேன். நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் முன்னால் சாய்ந்து தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தார். அவருடைய கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகமோ பல மாதக் காய்ச்சல் விட்டவனின் முகம் போலத் தெளிந்திருந்தது.

"அதுதான் எனக்க மோன்" என்றார். "ஒரு வருசமா ஊரு வேற யாரையோ சொல்லிட்டு இருக்கு. சொல்லு மக்கா. இன்னும் என்னெல்லாம் சொன்னான்?"

தம்பி அன்றுதான் முதல்முறையாக முழுவதையும் சொன்னான். இப்போதும் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார். இருவரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், சில நாள் சிரிக்கவும் செய்கிறார்கள். நான் டீயைக் கொண்டுபோய் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும், மாமா, அன்று ஃபாதர் பெயர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுக்கிறேன். அவர் நிமிர்ந்து, "என்ன மக்கா?" என்கிறார். "சீனி போருமா மாமா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்புகிறேன்.