ட்வைலாவின் மூன்று இழுப்பு

பென்சில்வேனியா மலையோரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலாவின் சாப்பாட்டு மேஜையில் நான்கு வருடமாகத் தட்டு வைக்க இடமில்லை. முழு நீளத்துக்கும், அவள் தன் கையால் செய்துகொண்டிருந்த சிக்கிமுக்கித் துப்பாக்கி கிடந்தது; கல்லின் பொறியில் வெடிக்கும் பழங்கால வகை. மேப்பிள் கட்டையைச் செதுக்கிக் குழாயைப் பதிப்பாள். மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் கழற்றிவிடுவாள். எந்நேரமும் சட்டைப்பையில் ஓர் அரம். தூக்கத்தில்கூட அவள் விரல்கள் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தன.

“இது முடியவே முடியாதுடி,” என்பான் கணவன் மெர்ல்.

“இன்னும் கொஞ்சம் இழைச்சா போதும்.”

“போன ஈஸ்டருக்கும் இதத்தான் சொன்ன.”

உண்மையில் அவளுக்குப் பயம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சிக்கிமுக்கித் துப்பாக்கியால் மட்டுமே ஆடும் மான் வேட்டை தொடங்கும். குடும்பத்தின் மலைக் குடிலில் ஒரு சட்டம் உண்டு: தன் கையால் செய்த துப்பாக்கியை எல்லார் முன்னாலும் விசையின் மூன்று இழுப்புக்குள் வெடிக்கவைத்துக் காட்டினால்தான் மலையேறலாம், இல்லாவிட்டால் அடுத்த வருடம். ஆண்கள் எல்லாரும் காட்டியாயிற்று. ட்வைலா இருபது வருடமாக அவர்களுக்குப் பன்றியிறைச்சியும் சோளமாவும் சேர்ந்த ஸ்க்ராப்பிள் துண்டுகளைப் பொரித்துப் போட்டு, கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது அலுத்துவிட்டது.

அந்த வருடம் அடுப்பில் ஸ்க்ராப்பிளைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியோடு முற்றத்துக்கு வந்தாள். பனி முழங்கால்வரை. அண்ணன் கேலனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“என்ன ட்வைலா, பஸ்ஸுல பாதி நீளம் இருக்கு! இதுக்குத் தனி டிக்கெட்டா?”

“ஒன் வாய்க்குத்தான் மொதல்ல டிக்கெட் போடணும்ணே!” என்றபடியே குழாயின் வாயில் குண்டை வைத்துக் குச்சியால் கெட்டித்தாள்.

முதல் இழுப்பு. குழாயின் பக்கத்திலிருந்த சின்னக் கிண்ணியில் வெடிமருந்து புஸ்ஸென்று பற்றியது; குழாய்க்குள் வெடிக்கவில்லை. கிண்ணியிலிருந்து குழாய்க்குள் நெருப்பு போகும் துளையைக் கம்பியால் குத்தி, கிண்ணியை நிரப்பி மறுபடி இழுத்தாள். அதே புஸ். யாரும் சிரிக்கவில்லை.

“தொளையில ஏதோ கோளாறு,” என்றான் கேலன், இப்போது மெதுவாக. “விடும்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

நான்கு வருடம்! கண்ணீரை அடக்கிக்கொண்டு குனிந்தவள், மரமுட்டியின் மேல் தன் அளவுக்குழலைப் பார்த்தாள். குழாய்க்குள் கொட்டவென்று அளந்த மருந்து அதில் அப்படியே இருந்தது. அண்ணனுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் மருந்து கொட்டாமலே குண்டை இறக்கியிருக்கிறாள்.

வெளியே சொன்னால் மானம் போகும். மருந்தில்லாமல் கெட்டித்தவர்களின் பெயரைச் செதுக்கிவைக்கக் குடிலில் ஒரு பலகையே இருந்தது. சொல்லாவிட்டால் பழி துப்பாக்கிக்கு. அதை அவளால் தாங்க முடியவில்லை.

“துப்பாக்கிக்கு ஒரு கோளாறும் இல்ல. எனக்குத்தான். மருந்தே போடல.”

முற்றத்தில் நின்ற பதினொரு ஆண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காது சிவக்க, துளைவழியே சிட்டிகை சிட்டிகையாக மருந்தைப் புகட்டி, கிண்ணியை நிரப்பி, மூன்றாவது முறை இழுத்தாள். டப்! குண்டு முப்பதடி போய்ப் பனியில் புதைந்தது.

“வெடிச்சுதா, இல்லையா?”

“வெடிச்சுது தாயே, வெடிச்சுது!” கேலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை உள்ளே இழுத்துப்போய்க் கத்தியைக் கொடுத்தான். பலகையில் கடைசிப் பெயர் அவனுடையது. “ஒம்பது வருசமா எனக்குக் கீழ ஆளே இல்ல. வா.”

சொந்தத் துப்பாக்கி இல்லாதவர் பெயர் அந்தப் பலகையில் ஏற முடியாது என்பது செதுக்கும்போதுதான் ட்வைலாவுக்கு உறைத்தது. இன்னும் ஆழமாகச் செதுக்கினாள்.

“ஏய், ஸ்க்ராப்பிள் கருகுது!” என்று யாரோ கத்தினார்கள்.

“போய்த் திருப்பிப் போடுண்ணே,” என்றாள் ட்வைலா. பையிலிருந்து அரத்தை எடுத்துக் கடைசி எழுத்தின் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.