அன்னம்மாளின் பேரில் சொன்ன பொய்

உக்குவளையில் இருந்துகொண்டு ஒரு விஷயத்தை ஒளிக்க வேண்டுமென்றால் அதைக் கொழும்பில்தான் செய்ய வேண்டும். மாத்தளை டவுனுக்குப் பஸ் ஏறினால்கூட, இறங்குவதற்குள் யாராவது ஒருத்தர் "என்ன டொறீன், ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டுவிடுவார். அதனால் டொறீனும் அவள் புருஷன் ஷெல்டனும் கொழும்புக்குத்தான் போனார்கள். கேட்டவர்களிடம் தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள்.

அதில் பாதி உண்மை. அந்த வருஷம் ஆகஸ்ட் திருநாளுக்குப் பங்கு மக்களோடு பஸ்ஸில் தலவிலைக்குப் போனார்கள். அன்னம்மாள் சுரூபத்தின் காலடியில் டொறீன் கைக்குழந்தைச் சட்டை ஒன்றை வைத்து நேர்ந்துகொண்டாள். வாய்விட்டு அழுதாள். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் கொழும்புக் கிளினிக்கில் அழுததை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அங்கே டாக்டரம்மா விஷயத்தை நேராகவே சொன்னார். கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லை, முட்டைகள்தான் தீர்ந்துவிட்டன. வேறொரு பெண் கொடுக்கும் முட்டையை ஷெல்டனின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி டொறீனின் வயிற்றில் வைக்கலாம். கொடுப்பவள் யாரென்று இவர்களுக்குத் தெரியாது, அவளுக்கும் இவர்களைத் தெரியாது. டொறீனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்த கை. டாக்டரம்மா பேசி முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டாள்.

"புள்ள ஒன் வயித்துலதான் இருக்கப்போவுது. ஊருக்கு என்ன வெளக்கம் வேண்டிக் கெடக்கு?" என்றார் ஷெல்டன்.

ஷெரோமி பிறந்தாள். ஊர் தானாகவே விளக்கம் சொல்லிக்கொண்டது. அன்னம்மாளே முதிர்ந்த வயதில் மாதாவைப் பெற்றவள்தானே, டொறீனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பாள் என்றார்கள். டொறீன் மறுக்கவில்லை. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை, கூடவே நூலும் கோத்துக் கொடுத்தாள். "மருந்து மாத்திர ஒன்னும் எடுக்கல்ல, எல்லாம் அம்மாட கிருபை" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். ஒருநாள் யாரோ குழந்தையின் மூக்கு டொறீனின் மூக்கேதான் என்று சொல்ல, இவள் ஓடிப்போய்த் தன் சின்ன வயது முதல்நன்மைப் படத்தைத் தேடி எடுத்துவந்து காட்டினாள். அன்று பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அதன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு பிள்ளையில்லாத பெண்கள் திருநாளுக்கு முன்பு டொறீனிடம் வந்து கைக்குழந்தைச் சட்டை தைத்துக்கொண்டு போவது பழக்கமாகிவிட்டது. டொறீன் தைத்த சட்டைக்கு அன்னம்மாள் இரங்குவாள் என்று பேச்சு. வேறு யாராவது என்றால் சிரித்திருக்கலாம். டொறீன் ஒவ்வொரு சட்டையையும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

இந்த ஜூலையில் மூன்றாவது தடவையாக மதுஷிகா வந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்த லயத்தில் இருப்பவள், தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள், வயது முப்பத்தொன்பது. வெள்ளைத் துணியை மேசையில் விரித்துவிட்டு, மெஷினுக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த நாலு வயது ஷெரோமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ டாக்டர் குடுத்த மாத்திரையெல்லாம் நிப்பாட்டிட்டேன்க்கா. அரைகுறை நம்பிக்கையோட போனா அம்மா எப்படிக் குடுப்பாங்க? நீங்க ஒன்னும் எடுக்காமத்தானே இருந்தீங்க."

டொறீனின் கால் மெஷினில் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையை வெளியே போய் விளையாடச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

"எடுத்தேன் மதுஷிகா. மாத்திரை, ஊசி எல்லாம் எடுத்தேன். கொழும்புல. முட்டகூட என்னோடது இல்ல. வேற ஒரு பொம்பள குடுத்தது. டாக்டருங்கதான் என் வயித்துல வச்சாங்க."

மதுஷிகா விரித்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று டொறீன் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"எனக்கும் அதையேதான் சொன்னாங்கக்கா. கண்டியில, மூனு வருஷத்துக்கு முந்தி." குரல் சாதாரணமாகவே இருந்தது. "எங்க வீட்டுக்காரரு வினோஜன் ஒடனே சரின்னாரு. நாந்தான் மாட்டேன்னேன். டொறீன் அக்காவுக்கு அம்மா சும்மா குடுத்தாங்க, நான் மட்டும் ஏன் இன்னொருத்தி கிட்ட வாங்கனும்னு சண்ட புடிச்சேன். எத்தனையோ தடவ கெஞ்சினாரு. கடைசியில கோவிச்சுக்கிட்டுத்தான் கட்டாருக்கு வேலைக்குப் போனாரு. வீடு கட்டக் காசு சேர்க்கப் போயிருக்காருன்னு ஊருக்குச் சொன்னேன். பேசி ஆறு மாசமாவுது."

தன் பொய் தன் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, யாருக்கு என்ன நட்டம் என்றுதான் இத்தனை நாளும் டொறீன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். முட்டை இன்னொருத்தியுடையது என்பதற்காக வெட்கப்பட்டதெல்லாம் இப்போது அற்பமாகத் தெரிந்தது. அதில் வெட்கப்பட என்னதான் இருந்தது? எவளோ ஒரு புண்ணியவதி மனமுவந்து கொடுத்தாள். அவள் கொடுக்கவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும், அந்தப் பேச்சை நம்பி ஒரு பெண் மூன்று வருஷத்தைத் தொலைத்ததும்தான் வெட்கம்.

"மன்னிச்சிரு" என்றாள். அந்த வார்த்தை அவளுக்கே போதாமல் இருந்தது. "கொழும்புக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இப்பவும் காலம் இருக்கு, எனக்கு அப்ப நாப்பத்தொன்னு."

"நீங்க கூட்டிட்டுப் போயி என்னக்கா செய்ய? அவரு வரனுமே."

மதுஷிகா போனை எடுத்து நம்பரை அழுத்தினாள். மணி போவது கேட்டதும் அதை டொறீனின் கையில் திணித்தாள்.

"நான் சொன்னா நம்பமாட்டாரு. எனக்குச் சொன்னத அவருக்கும் சொல்லுங்க."

போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் டொறீனுக்குத் தோன்றியது. ஷெல்டனைக் கேட்காமல் சொல்லலாமா, நாளைக்குக் கோயிலில் யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்றெல்லாம் ஓடியது. அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"மதுஷிகா?" என்றது வினோஜனின் குரல். "என்ன மதுஷிகா, என்ன ஆச்சு? அழுவுறியா?"

"நான் டொறீன் பேசுறேன் தம்பி" என்றாள். "அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."