அம்மாவுக்குக் காட்டாத கடல்

விசைத்தறிகள் நின்றுபோன காலையில் காதுக்குள் கிர்ரென்று ஓர் அமைதி கேட்கும்; சூலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். தொண்ணூறுகளில், ஆயுத பூஜை முடிந்த ஞாயிறன்று எங்கள் 'தறிக்குடோன்' முதலாளி வேன் பிடித்து, வேலையாட்களைக் குடும்பத்தோடு 'டூரு' கூட்டிப்போவார். அந்த வருடம் பாலக்காட்டுக் கோட்டையும் பொன்னானிக் கடலும் என்று முடிவானது. குடோனில் நூல் சுற்றிக்கொண்டிருந்த என் அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. "ஒருக்காப் பாத்துப்போட்டாப் போதும் கண்ணு" என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

வேனில் 'காலனி' ஆட்கள் நானும் அம்மாவும்தான். "தட்டும் டம்ளரும் ஊட்டுலிருந்தே கொண்டாந்துரு கண்ணு" என்று முதலாளியம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதை சொட்டும் என்று ஊரெல்லாம் புகழ்கிறார்கள். அந்தக் 'கண்ணு'வைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

கோட்டை வாசலில், மரத்தடியில் சாப்பாடு. அகழியையும் கருங்கல் மதிலையும் பார்க்க எல்லோரும் உள்ளே போனபோது அம்மா தக்காளிச் சோற்று அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சமைத்த சோற்றை அவள் தொடக்கூடாது, எச்சில் பாத்திரத்தைத் தொடலாம். அதில் மட்டும் தீட்டு ஒட்டாது போலும். "கோட்டை எனக்கு எதுக்குங்க, கடலப் பாத்தாச் சரி" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பொன்னானியில் வேன் கடைவீதியோடு நின்றுவிட்டது. கடலுக்கு நடந்துதான் போகவேண்டும். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். "சரசு, பாத்திரமெல்லாம் வண்டில போட்டது போட்டபடி கெடக்குது, பாத்துக்க ஆளில்ல, நீ இங்கயே இரு கண்ணு. நாங்க ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்தர்றோம்" என்றார் முதலாளியம்மா. அம்மா "சரிங்க" என்றாள். என்னை மட்டும், "நீ போயிட்டு வா அம்மிணி" என்று தள்ளிவிட்டாள். நாங்கள் திரும்பும்போது இருட்டிவிட்டது, வண்டியும் உடனே கிளம்பிவிட்டது. கடல் தண்ணீரில் நனைந்த என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வழியெல்லாம் வந்தாள் அம்மா.

நான் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தறிகளைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். குடோன் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். போன மாதம் அங்கே ஒரு விசேஷத்தில் முதலாளியம்மாவைப் பார்த்தேன். நன்றாக நரைத்திருந்தார். பக்கத்திலிருந்தவர்களிடம், "இவளோட அம்மாளையெல்லாம் நாங்க கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறமுங்க" என்றார் பெருமையாக.

"கூட்டிட்டுத்தானுங்க போனீங்க. பாக்க உடலீங்களே" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "அட, அதையெல்லாமா இன்னும் நெனச்சுட்டிருக்கறே?" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.